ஆறு வயதுப் பம்பு

குழந்தைகளைக் கணினியிடமிருந்து காப்பாற்றியே தீருவது என்று அரசு முடிவு செய்தது. இனி எந்தக் கணினியும் இயங்குமுன் பயன்படுத்துபவரின் வயதைக் கேட்டறிதல் வேண்டும். பதினெட்டு நிரம்பாதவர் எனில் பெற்றோரின் ஒப்புதல் பெறுதல் வேண்டும். நல்ல சட்டம்தான். யாரும் குறை சொல்லவில்லை.

தண்ணீர்த் தொட்டி மோட்டார்க்காரரும் சொல்லவில்லை, மறுநாள் காலை வரை. பம்பை இயக்கும் கணினிப் பெட்டிக்குள் இருந்தது, உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் கூடி எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருள். அன்று அதன் திரையில், "பயனர்: பம்பு. வயது?" என்றிருந்தது. பொய் சொன்னால் அபராதம் என்று கீழே ஒரு வரி. மோட்டார்க்காரர் பயந்த சுபாவக்காரர். பம்பு வாங்கிய வருஷத்தைக் கணக்கிட்டு, ஆறு என்று போட்டார். "பெற்றோரை அழைத்து வரவும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டி அணைந்தது.

மனைவி காலிக் குடத்தைக் காட்டினாள். "ஊருக்கே தண்ணி விடுற மனுஷன் வீட்டுல முகம் கழுவ வழியில்ல."

மானம் போயிற்று. வயதுச் சரிபார்ப்பு அதிகாரியிடம் ஓடினார். பின்னாலேயே தெருவும் குடங்களோடு வந்து நின்றது.

"பம்பைப் பெத்தவங்க யாரு?" என்றார் அதிகாரி.

"மென்பொருளை எழுதினவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க சார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததுகூட இல்ல."

"அப்ப அநாதைன்னு போட்டுக்கிறேன். நீங்க தத்து எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டார். வேறென்ன செய்வார்? "இனிமே தண்ணி வருமா சார்?"

"தினம் ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஓடவிட்டா பிள்ளை கெட்டுப்போயிடும்."

கூட்டத்தில் ஒரு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்க பசங்க பொழுதன்னைக்கும் ஃபோனும் கையுமா இருக்குதுங்க. பம்புக்கு மட்டும் ஒரு மணி நேரமா?"

அதிகாரி கணினியைத் தட்டிப் பார்த்தார். "உங்க தெருவுல குழந்தைன்னு இருக்கிறது இந்தப் பம்பு ஒண்ணுதாம்மா. மத்த பசங்க எல்லாம் நூறு வயசைத் தாண்டினவங்க. வயசு போட்டுக் கொடுத்தது யாரு?"

ஃபோனில் பிறந்த வருஷப் பட்டியலை விரலால் ஒரே தள்ளாகத் தள்ளி, கடைசியில் எது நின்றதோ அதைப் போட்டுக் கொடுத்த பெற்றோர்கள் அத்தனை பேரும் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

மோட்டார்க்காரருக்கு வயிற்றெரிச்சல். ஊரில் உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான். தண்டனையும் அவர் பம்புக்குத்தான். "சார், உங்க வீட்டுப் பையனுக்கு என்ன வயசு போட்டீங்க?"

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "நூத்தி இருபது. ஃபோன் இல்லாட்டி ஒரு வாய் சாப்பிட மாட்டான். அழுதே ஊரைக் கூட்டிடுவான்."

"பம்புக்கு அழத் தெரியாதே சார்."

"அதான் மாட்டிக்கிச்சு" என்று தத்துப் பத்திரத்தில் முத்திரையைக் குத்தினார் அதிகாரி.