மேசைக்கு அடியில் மிலிட்டரி

மயிலாப்பூரில் கபாலிக்கு அடுத்தபடியாக ஜனங்கள் பயந்தது எங்கள் தெரு மிலிட்டரிக்குத்தான். அப்பன் மன்னிக்கணும், சில நாள் கபாலிக்கே இரண்டாம் இடம்தான்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் எல்லையிலிருந்து திரும்பி வந்தவர். பால் பூத்தில் மாமிகளை உயர வாரியாக நிறுத்துவார். அறுபத்துமூவர் அன்று கூட்டத்துக்கு அவர் 'லெப்ட் ரைட்' போட, சாமி தூக்கியவர்களும் சேர்ந்து கால் மாற்றிவிட்டார்கள். எங்காவது குக்கர் விசில் அடித்தால் மட்டும் நடுத்தெருவில் குப்புற விழுந்து, "அல்லாரும் பட்துக்கோ!" என்று கத்துவார். என் கற்பூரக் கடைக்கு வந்தவர்களும் பழக்கதோஷத்தில் படுத்திருக்கிறார்கள்.

ராத்திரி தூக்கமே கிடையாது. எந்த வேலையும் நிலைக்கவில்லை. பட்டாளத்தில் மனசு பாதிக்கப்பட்டால் அதற்கும் பென்ஷன் உண்டு என்று கேள்விப்பட்டு, அவர் மனைவி செல்வி மனுப் போட வைத்தாள். அது வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். மெடிக்கல் போர்டில் டாக்டர் கர்னல், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாராம். மிலிட்டரி விறைப்பாக சல்யூட் அடித்து, "ஆல் ஓகே சார்!"

மனு தள்ளுபடி.

"யோவ், தூக்கம் இல்லேன்னு வாயத் தொறந்து சொன்னா இன்னா?" என்று செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆபீசர் கேட்டா வேற இன்னாடி சொல்றது? குண்டு பட்டப்பகூட அதான் சொன்னேன்."

அப்பீலுக்கு, செல்வி கெஞ்சியதால், திருநீற்றுப் பொட்டலத்தோடு நானும் கூடப் போனேன். அதே கர்னல், அதே கேள்வி.

"ஆல் ஓ..." என்று மிலிட்டரி ஆரம்பிக்கும்போது வெளியே லாரி டயர் வெடித்தது.

அடுத்த நொடி கர்னல் மேசைக்கு அடியில் இருந்தார். அவர்மேல் மிலிட்டரி கவிழ்ந்து கிடந்தார். கபாலி சத்தியமாக, மூன்றாவது ஆள் நான்.

"தலையத் தூக்காதீங்க சார், நான் கீறேன்." சொன்னவர் உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது.

கர்னல் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கேட்டார்: "இது அடிக்கடி வருதாப்பா?"

குப்புறக் கிடப்பவர் எங்கே விறைப்பாக நிற்பது, எங்கே சல்யூட் அடிப்பது? மிலிட்டரி முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். "தெனம் சார். கண்ண மூடினா, கூட இருந்த பசங்க வந்து நிக்கிறானுங்க."

பென்ஷன் கிடைத்தது. உத்தரவு வந்த அன்று அதைக் கடைக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, குரலைத் தாழ்த்தினார். "சாமி, என்னப் பைத்தியம்னு எழுதிக்கீறாங்களா?"

"இல்லப்பா. பட்டாளத்துல வந்த பாதிப்புன்னு போட்டிருக்கு. காயம் மாதிரிதான்."

"காயமா? அப்ப ஆறிடும்ல?"

"ஆறிடும்" என்றேன்.

அன்று சாயங்காலம் மிலிட்டரிக்காகக் கபாலி சன்னதியில் அர்ச்சனைக்கு நின்றேன். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். மிலிட்டரி என்றே கூப்பிட்டுப் பழகியதில் உத்தரவில் பார்த்த பேர் வாயில் வரவில்லை; நட்சத்திரம் தெரியவே தெரியாது.

"நம்ம வீட்டு ஆளுதான். என் பேரோட சேர்த்தே சொல்லிடுங்க சாமி" என்றேன்.