மூக்கு நுனியில் பச்சை

"அண்ணா, இன்னும் பச்சையாத்தான் இருக்கு!"

கண்ணாடி முன் நின்று ஷ்யாமளா போட்ட கூச்சலில் அந்த மாதுங்கா மாடிவீடே அதிர்ந்தது. பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் செம்பூரிலிருந்து கிளம்பியாயிற்று. அவளுடைய மூக்கு நுனியோ பச்சை மிளகாய் நிறத்தில் இருந்தது.

காலையில் அங்கே ஒரு சிவப்புப் பரு மட்டும்தான் இருந்தது. அதை அதன் பாட்டுக்கு விட்டிருக்கலாம். ஆனால் அண்ணன் பஞ்சு, துணிச் சாயக் கம்பெனியில் குமாஸ்தா. வட்டமான வர்ண அட்டை ஒன்றை ஆபீஸிலிருந்து கொண்டுவந்து, கொஞ்ச நாளாகவே வீட்டில் எல்லோர் உயிரையும் எடுத்துக்கொண்டிருந்தான்.

"சிவப்புக்கு நேர் எதிர் பச்சைடி. எதிரும் எதிரும் கலந்தா ரெண்டும் அடங்கிடும். மேல கொஞ்சம் பவுடர் போட்டா பருவே தெரியாது" என்று பச்சைச் சாயச் சாம்பிள் புட்டியைத் திறந்தான்.

போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே மாப்பிள்ளை சந்திரமௌலியிடம் மனசைப் பறிகொடுத்திருந்த ஷ்யாமளா, இருந்த புத்தியையும் பறிகொடுத்து மூக்கை நீட்டினாள்.

பிறகு சோப்புப் போட்டாள். சீயக்காய் தேய்த்தாள். பச்சை அசையவில்லை.

"அலம்பினா போகாது. அதான் எங்க சரக்கோட விசேஷம்" என்றான் பஞ்சு, கொஞ்சம் பெருமையாகவே.

"உன் சரக்குல இடி விழ! ஜல்தி ஏதாவது பண்ணு!"

மஞ்சளைக் குழைத்துத் தடவினான். மிளகாய்ப் பச்சை கிளிப்பச்சையாயிற்று. குங்குமத்தை அப்பினான். மூக்கு கரிச்சட்டியின் அடிப்பாகம் மாதிரி ஆகிவிட்டது. துடைத்தால் மறுபடியும் பச்சை. அம்மா நாகலக்ஷ்மி, யுத்த காலத்தில் ரேஷன் அரிசியைவிட அருமையாகப் பதுக்கி வைத்திருந்த பவுடரைக் கொட்டினாள். பூசணம் பிடித்த ரொட்டிதான் மிச்சம்.

"போறும். அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டிக்கோ, சுபகாரியம்" என்றாள் அம்மா.

"ஐயோ அம்மா! பக்கத்துல சிவப்பு வந்தா பச்சை இன்னும் எடுப்பாத் தெரியும்!" என்றான் பஞ்சு.

"கலந்தா அடங்கும்னே, பக்கத்துல வந்தா எடுப்புங்கறே! உன் சாஸ்திரத்துக்கு ஒரே வாக்குன்னு கிடையாதாடா?"

வாசலில் விக்டோரியா குதிரை வண்டி வந்து நின்றது. ஷ்யாமளாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

காபித் தட்டோடு தலையைக் குனிந்தபடி போனாள். மாப்பிள்ளையின் கால்கள் மட்டும்தான் கண்ணில் பட்டன. ஒரு காலில் பச்சை சாக்ஸ், மற்றதில் சிவப்பு. பாவம், அவசரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா வாலாம்பாள் அவள் மூக்கைப் பார்த்தாள். வாய்க்குப் போன பஜ்ஜி பாதி வழியில் நின்றது. முகம் வெளுத்துவிட்டது. தொலைந்தது கல்யாணம் என்று ஷ்யாமளா கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னடா சொல்றே, சந்திரமௌலி?" என்று அவன் அப்பா கேட்டார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. மூக்குல சின்னதா ஒரு பரு, அவ்வளவுதானே? தானா அமுங்கிடும்."

பஞ்சு வர்ண அட்டையை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

வாலாம்பாள் எழுந்து வந்து நாகலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"மறைச்சது எங்க தப்புதான் மாமி. எம்பிள்ளைக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். ஆனா ரயில்வேக்காராகூடக் கொடியைக் காட்டித்தான் பரீட்சை பண்ணினா. நீங்க பெத்த பொண்ணு மூக்குலேயே பண்ணிட்டேளே!"