ஒன்பதாம் வால்வு திறந்தாயிற்று

மக்களுக்குக் குடிநீர் வழங்குவது நகரத்தின் தலையாய கடமை என்பதில் திண்டுக்கல்லில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அந்தக் கடமையை எளிதாக்கத்தான் மாநகராட்சி ஒப்பந்தப் பணியாளர் தாஹிரா பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். அது தெருத் தெருவாக வால்வைத் திறக்கும். "தண்ணீர் வழங்கப்பட்டது" என்று வீடுகளுக்கு மெசேஜ் அனுப்பும்.

முதல் நாளே ஒன்பதாம் வால்வு இறுகிப்போய் அசைய மறுத்தது. ஸ்கிரிப்ட் பாதியில் நின்று, திரை முழுக்கச் சிவப்பு எழுத்தாகக் கத்தியது. அந்த வால்வு தாஹிராவின் சொந்தத் தெருவுக்கானது. வீட்டில் குடங்கள் காய்ந்து கிடந்தன.

கண்காணிப்பாளர் இருதயநாதன் பதறி ஓடிவந்தார்.

"என்னம்மா இது, ஆபீஸ்ல சிவப்பு? நாளைக்கு மேலதிகாரி ஆய்வுக்கு வாராரு!"

"வால்வு ரிப்பேர் சார். ஃபிட்டரை அனுப்பினா சரியாயிரும்."

"ஃபிட்டரை அனுப்பக் கோப்பு போடணும். சிவப்பை எடுக்க என்ன போடணும்?"

தாஹிரா தயங்கித் தயங்கிச் சொன்னாள். பைத்தானில் 'எக்செப்ட்' என்று ஒரு வசதி உண்டு. பிழை நேர்ந்தால் அதைப் பிடித்து, அடுத்து என்ன செய்வதென்று எழுதிவைக்கலாம். எதுவும் செய்ய மனமில்லையென்றால் 'பாஸ்' என்று எழுதினால் போதும். பிழை நடந்த சுவடே இல்லாமல் வேலை மேலே போகும்.

"எதுவுமே செய்ய வேண்டாமா?" இருதயநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்மளை மனசுல வச்சே கண்டுபிடிச்சிருக்கான்யா!"

அவளுடைய வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம். தாஹிரா 'பாஸ்' எழுதினாள்.

அன்று முதல் அந்தத் தெருவுக்கு ஒரு சொட்டும் வரவில்லை. மெசேஜ் மட்டும் தவறாமல் வந்தது. குடத்தோடு வந்தவர்களிடம் இருதயநாதன் அவர்களுடைய போனையே வாங்கிக் காட்டினார். "வந்திருக்கே தாயி, படிங்க." படித்தார்கள். வந்துதான் இருந்தது. கொஞ்ச நாளில் அதிலேயே ஒரு பெருமை பிறந்துவிட்டது. "எங்களுக்கு விடியவுமே வந்துருச்சு, ஒங்களுக்கு?" என்று அந்தத் தெருவில் குடியிருக்கும் பாஸிலா பக்கத்துத் தெருக்காரியை மட்டம் தட்டினாள், லாரித் தண்ணிக்கு வரிசையில் நின்றுகொண்டே.

தாஹிராவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே 'பாஸை' அழித்தாள். பிழை நேர்ந்தால் ஃபிட்டருக்கும் தெருவுக்கும் உள்ளதைச் சொல்லும்படி மாற்றினாள்: "வால்வு பழுது. தண்ணீர் வராது."

ஃபிட்டர் கண்ணுசாமி ஸ்பானரோடு ஓடிவந்தார். அதற்குள் தெருவே திரண்டு வால்வை மறித்து நின்றது.

"இம்புட்டு நாளா ஒழுங்கா வந்துக்கிட்டிருந்த தண்ணிய யாருய்யா நிறுத்துனது?"

"நிறுத்த வரல தாயி, தெறக்க வந்திருக்கேன்!"

"கிழிச்ச! அதுல கைய வச்சுப் பாரு!"

கண்ணுசாமி ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். கூட வந்திருந்த தாஹிரா அங்கேயே லேப்டாப்பைத் திறந்து மறுபடி 'பாஸ்' எழுதினாள்.

செத்த நேரத்தில் தெருவெங்கும் போன்கள் கிணுகிணுத்தன. கூட்டம் கலைந்தது. மறியலில் முன்னால் நின்ற தாஹிராவின் அம்மா நஜ்முன்னிசா போனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ், தண்ணி வந்துருச்சு."

பிறகு காலிக் குடத்தை மகளிடம் நீட்டினாள்.

"லாரி கிளம்பிறப் போகுது, ஓடு."