அம்மா உலர்த்திக் கொடுத்த ஆராய்ச்சி

வீட்டில் முதல் ஆளாகப் படிக்கப் போனவர்களுக்கு ஒரு வியாதி வரும். யாரும் கேட்காததை மணிக்கணக்கில் விளக்குவோம். கேட்டதற்கு மட்டும் "அதெல்லாம் ஒங்களுக்குப் புரியாது" என்போம். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

கண்டியில் பல்கலைக்கழக இறுதி வருடம். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியிலிருந்து எரிபொருள் எடுக்கலாமா என்பது ஆராய்ச்சி. குச்சிக்குள் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு. அவற்றின் சுவர்களையும் சேர்த்து மொத்தப் பரப்பளவை அளக்க வேண்டும். அளக்கும் இயந்திரத்துக்கு ஈரம் ஆகாது. சூட்டில் காயவைத்தாலோ துவாரங்கள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு நனைத்தாலும் சரியாகத் திறக்காது. உறையவைத்து, பனியாகவே ஆவியாக்கினால் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டினால் எனக்குப் பட்டம்.

இதை அப்பாவிடம் நான் சொன்னது ஒரே வரி: "காய வைக்கிறதப் பத்திப் படிக்கிறேன்."

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அப்பா அதை எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். (பக்கத்து வீட்டுப் பெரியம்மா "அதுக்கு எதுக்குப் பாப்பா கம்பஸ் போவணும்?" என்று கேட்டதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.)

சூட்டில் காயவைத்த பங்கு முடிந்திருந்தது. உறையவைக்கும் இயந்திரத்தில் என் முறை திங்கட்கிழமை. அரைத்து அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய குச்சித் தூளில் மீதியை, ஈரமாகவே ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, தெல்தோட்டை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆய்வுகூடத்திலேயே விட்டிருக்கலாம். ஆனால் அங்கே வைத்தால் லயத்தில் எப்படிக் காட்டுவது?

எங்கள் சின்னக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் காரணமும் சொல்ல வேண்டும்.

ஞாயிறு கோயிலுக்குப் போய்த் திரும்பினால் டப்பா காலி. அம்மா ஒரு தட்டை நீட்டினார்.

"ஒரே ஈரம் பாப்பா. இப்புடியே கொண்டுபோனா ஏசமாட்டாங்களா? அடுப்புக்கு மேல வச்சிக் கெளறிக்கிட்டே இருந்தேன். தொட்டுப் பாரு, மொறுமொறுன்னு இருக்கு."

நான் அழுதேன். அப்பா ஒரு வழி சொன்னார்.

"திரும்பத் தண்ணி ஊத்திக் குடுத்துரலாமே?"

"தொவாரமெல்லாம் மூடிக்கிருச்சிப்பா."

"எந்தத் தொவாரம்?"

அம்மா தட்டை வெளிச்சத்தில் பிடித்துத் தேடினார்.

திங்கட்கிழமை எங்கள் யாழ்ப்பாணத்துப் பேராசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி பிள்ளை, இதையும் ஒருக்கா அளந்து பாப்பம். பிறகு புதுசாச் செய்யும்" என்றார்.

அளக்குமுன் தூளைச் சூடாக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் பம்பால் உறிஞ்ச வேண்டும். பம்ப் உறிஞ்சத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஆய்வுகூடமே மணத்தது. மாடியிலிருந்து ஒரு விரிவுரையாளர் இறங்கி வந்து, யார் சாப்பாட்டைச் சூடாக்குகிறார்கள் என்று விசாரித்தார். வெளியே ஓடி அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அடுப்புக்கு மேல வேற என்னம்மா இருந்துச்சி?"

"கருவாடுதான். எடம் பத்தல, ஒன் தட்ட அது மேலயே வச்சேன். ஏன், மணக்குதா?"

பம்பைக் கழற்றிக் கழுவும்வரை இயந்திரம் நின்றது. எனக்குப் பின்னால் முறை வைத்திருந்தவர்கள் என்னோடு பேசவில்லை. புதுக் குச்சி வெட்டி, ஊறவைத்து, மறுபடி முறை கிடைத்து முடிப்பதற்குள் என் வகுப்பு பட்டம் வாங்கிவிட்டது. நான் அடுத்த வருடத்துப் பிள்ளைகளோடு வாங்கினேன். (லயத்தில் அப்பா சொன்ன விளக்கம்: "பெரிய படிப்பு. காயறதுக்கு நாளாகும்.")

இப்போது வேலைக்குப் போகிறேன். மழையில் நனைந்து வீட்டுக்குள் நுழைந்தால், அம்மா கையில் துவாயோடு நிற்பார். தரமாட்டார்.

"தொடைக்கலாமா பாப்பா, இல்ல ஒன் கம்பஸ் மேடத்துக்கிட்ட கேட்டுச் சொல்றியா?"

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வரும்.

"அப்புடியே ஒறைய விடு. அதுதான் முறை."