நல்லாசியுடன் சிவப்பிரகாசம்

"நாலு பக்கமும் இங்கிலீஷ். இன்னாங்க எழுதியிருக்கு இதுல?" என்றாள் தேவி.

அவள் புருஷன் மணிவண்ணன் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாகூரில் பேனர் டிசைன் கடை திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் பதிவுத் தபாலில் நோட்டீஸ். போனில் மொழிபெயர்த்துப் பார்த்ததில் அவனுக்குப் புரிந்தது இவ்வளவுதான். அவன் பயன்படுத்தும் டிசைன் சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸாம். யார் வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் இருக்கும் டிசைனை எடுத்துப் போட்டால், செய்தவர் பெயரையும் போட வேண்டுமாம். போடாதது காப்புரிமை மீறலாம். இப்படியே போனால் கோர்ட்டு, கம்ப்யூட்டர் பறிமுதல்.

கடை போனால் மறுபடி திருவாண்டார்கோயில் கம்பெனியில் நைட் ஷிஃப்ட்தான். அங்கே நாய் படாத பாடு பட்டவன் அவன்.

"பேருதானே கேக்குறாரு? போட்டுட்டுப் போங்களேன்" என்றாள் தேவி. "நம்ம பாகூர் கொம்யூன்ல பேனர்ல பேரு கேக்காத மனுசன் யாரு?"

அதுவும் சரிதான். நோட்டீஸ் விட்டவர்தானே சாஃப்ட்வேருக்குச் சொந்தக்காரர்? கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்குக் கீழே பெயரும் போன் நம்பரும் இருந்தன. வி. சிவப்பிரகாசம்.

மறுநாள் ஒரு காதுகுத்து பேனர். 'அன்புடன்' வரிசையில், கடைசியாக, பொடி எழுத்தில் சிவப்பிரகாசத்தைச் சேர்த்தான். விழா முடிந்த கையோடு குழந்தையின் தாய்மாமன் முத்துசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"யார்ரா இந்தச் சிவப்பிரகாசம்? எங்க வம்சத்துலயே அப்டி ஒரு ஆளு கெடையாது!"

"சாஃப்ட்வேர் செஞ்சவருண்ணே."

"சீர் செஞ்சது நானுடா! அந்த ஆளு ஒங்க சொந்தமா எங்க சொந்தமான்னு பந்தியிலயே சண்ட. பாதிப் பேரு எலைய மூடிட்டுப் பூட்டான்!"

சொந்தக்காரர்கள் வரிசையில் போட்டதுதான் தப்பு என்று மணிவண்ணன் முடிவு கட்டினான். சொந்தக்காரர்களே இல்லாத இடம் ஒன்று உண்டு. பேனரின் உச்சி. சாமியும் தலைவர்களும் இருக்கிற 'நல்லாசியுடன்' பகுதி. அங்கே வெறும் பெயர் மட்டும் போட்டால் மொட்டையாகத் தெரிந்தது. நோட்டீஸில் இருந்த நம்பரை வாட்ஸ்அப்பில் பார்த்தான். கூலிங் கிளாஸ் போட்டு, ஏதோ மலையடிவாரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றார் மனிதர். படத்தை வெட்டி ஒட்டினான். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

மடுகரையில் மஞ்சள் நீராட்டு பேனர் ஏறிய சாயங்காலமே டீக்கடையில் மடக்கினார்கள்.

"எந்தக் கட்சிப்பா இவரு?"

"கட்சியெல்லாம் இல்லண்ணே."

"ஓ, சுயேச்சையா?"

ஒரே வாரத்தில் சிவப்பிரகாசம் பாகூரில் நிற்கப்போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. பேனர் அடிக்க வந்தவர்கள் தாங்களாகவே கேட்டார்கள்: "அவரு படத்த வுட்டுறாதப்பா. நாளைக்கு ஜெயிச்சுட்டாருன்னா?"

பெயர் போடச் சொன்ன மனிதரைத் தேர்தலில் நிறுத்தியது தெரிந்தால் சும்மா விடுவாரா? மணிவண்ணன் சொந்தச் செலவில் கடைத்தெருவில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர் கட்டினான். 'ஐயா எந்தக் கட்சியும் இல்லை. எங்கள் கடையை வாழவைக்கும் வள்ளல்.' சந்தேகம் இருப்பவர்கள் அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும் என்று கீழே அவர் போன் நம்பர்.

கட்சியே இல்லாமல் வள்ளலா என்று ஊர் வியந்தது. ரோடு போடக் கேட்டும், ரேஷன் கார்டு கேட்டும், பையனுக்கு வேலை கேட்டும் அந்த நம்பருக்குப் போன் பறந்தது.

"பேரு போடச் சொன்னா கோயிலே கட்டிட்டீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள் தேவி.

அடுத்த திங்கள்கிழமை கடை வாசலில் ஒரு கார் நின்றது. இறங்கியவர் சாட்சாத் சிவப்பிரகாசம். கூலிங் கிளாஸ் இல்லை. பாவம், தூங்கிப் பல நாளான முகம். பின்னாலேயே ஃபைலோடு ஓர் இளம்பெண்.

ஃபைலைப் பார்த்ததும் மணிவண்ணன் வாசலுக்கு ஓடிவந்தான். "ஐயா, போட்டோ சின்னதா பூடுச்சுங்களா? பெருசு பண்ணிடுறேங்கய்யா!"

"ஐயோ, வேணாம்பா!" கையெடுத்துக் கும்பிட்டார் அவர். "ஒண்ணு வுடாம எல்லா பேனரையும் எறக்கிடு. ஒன் விவகாரத்த நான் முடிச்சு வுடுறேன், எழுதியே தரேன். நீ நிம்மதியா கடைய நடத்து."

கடை பிழைத்தது. ஆனாலும் மணிவண்ணனுக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். "நீங்க செஞ்ச சாஃப்ட்வேரு, ஒங்க பேரு. எடுத்துட்டா, ஏன் எடுத்தேன்னு மறுபடி நோட்டீஸ் வுட மாட்டீங்களே?"

அவர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். தேவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த இளம்பெண்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"சாஃப்ட்வேர் செஞ்சவரு ஜெர்மனியில இருக்காருண்ணே, சார் அவரோட வக்கீலு, வக்கீலுங்க விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு இப்ப சாருக்குத்தான் நோட்டீஸ் வந்திருக்கு."