அவசரமாக ஒரு புகார் தேவை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை, பிள்ளைகள், எங்களோடு இருக்கும் உங்கள் அம்மா எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். ஒருவேளை குறை ஏதும் இருந்தால், தயவுசெய்து அதை ஒரு தாளில் எழுதி உடனே எனக்கு அனுப்பவும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை மச்சான். வியாழக்கிழமைக்குள் எனக்கு ஒரு புகார் வேண்டும்.

எங்கள் பெரிய சாலையில் பேருந்துக்குத் தனிப் பாதை, இரு பக்கமும் மழைநீர் வடிகால், நடைபாதை, நிழல் மரம் எல்லாம் வருவது உங்களுக்குத் தெரியும். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு வளர்ச்சி வங்கி இதற்குக் கடன் தருகிறது. வட்டி குறைவு, தவணை நீளம், நிபந்தனை அதைவிட நீளம். ஒரு மரம் வெட்டினால் மூன்று நட வேண்டும், தூசி பறந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும், கடை முகப்பு இடிபட்டால் ஈடு கொடுக்க வேண்டும், இதெல்லாம் சரியாக நடக்கவில்லை என்று யாருக்காவது தோன்றினால் அதைக் கேட்டுப் பதிந்து, எண் கொடுத்து, பதினைந்து நாளில் தீர்க்க ஒரு ஆள் இருக்க வேண்டும். குறைதீர்ப்பு அலுவலர் என்று பெயர். அந்த ஆள் நான்தான். பேருந்து நிலையத்தில் முப்பது வருஷம் பயணிகளிடம் வசவு வாங்கிய அனுபவம் வேறு யாருக்கு இருக்கிறது, சொல்லுங்கள்.

ஒன்றரை வருஷத்தில் என் பதிவேட்டில் ஒரு புகார்கூட ஏறவில்லை! ஏறவிட்டால்தானே? யாராவது முகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றால், "வாங்க வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்து, திட்ட வரைபடத்தை விரித்து, வங்கி எப்படி ஆரம்பித்தது என்பதிலிருந்து சொல்லத் தொடங்குவேன். முக்கால் மணி நேரம் கழித்து, எதற்கு வந்தோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோகும். எதிர்ச் சாரித் தையல்காரர் நான்கு தடவை வந்தார். நான்கு தடவையும் டீ குடித்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். ஐந்தாவது தடவை வரவே இல்லை. இதை நான் என் சாதனை என்றே நினைத்திருந்தேன்.

போன வாரம் வங்கியின் ஆலோசகர் அம்மா கணினித் திரையில் வந்தார். நம் மொழி நன்றாகவே பேசுகிறார். "ஒன்றரை வருஷமா ரோட்டைத் தோண்டுறீங்க, ஒரு புகார்கூடவா இல்லை?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஒண்ணுகூட இல்லீங்க மேடம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா ஜனங்க உங்ககிட்ட வர்றதே இல்லைன்னு அர்த்தம். வியாழக்கிழமை நேர்ல வர்றேன், பதிவேட்டை எடுத்து வைங்க" என்று சொல்லித் திரையை அணைத்துவிட்டார். திட்ட இயக்குநருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மா தன் அறிக்கையில் ஒரு வரி எதிராக எழுதினால் அடுத்த தவணை நிற்கும், தவணை நின்றால் வேலை நிற்கும், மழை வந்தால் மூடாத வடிகாலெல்லாம் குளமாகும், நான் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்க வேண்டியதுதான்.

எனக்கா பயம்? மறுநாளே பேருந்து நிறுத்தத்தில் மேசை போட்டு, ஒலிபெருக்கியைப் பிடித்து, "பொதுமக்களே, தைரியமாகக் குறை சொல்லுங்கள்!" என்று முழங்கினேன். தெருவே காலியானது. மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதற்கு அடியில் குனிந்து பார்த்தார். தையல்காரரைத் துரத்திப் பிடித்தேன். "ரொம்ப நல்லா இருக்கு சார், குறையே இல்லை" என்று இருமிக்கொண்டே சொன்னார். "இருமுறீங்களே, தூசியா?" என்று ஆசையாகக் கேட்டேன். "சே சே, பிறவியிலேயே இப்படித்தான்" என்று நழுவிவிட்டார். புகார்ப் பெட்டியையாவது திறப்போம் என்றால் சாவி இல்லை. பூட்டை உடைத்தால் உள்ளே இரண்டு பயணச்சீட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகை, பல் வைத்தியரின் விளம்பரம். அதிலும் கல்யாணம் போன வருஷமே முடிந்துவிட்டது.

ஆகவேதான் உங்களிடம் வருகிறேன். போன தடவை வந்தபோது முனையில் ஜல்லிக் குவியலில் கால் இடறி என்னைத் திட்டினீர்கள் அல்லவா? பொய்யே வேண்டாம், அதையே எழுதுங்கள். "சாலைப் பணியால் இடறினேன், ஆவன செய்யவும்" என்று இரண்டு வரி போதும். மூன்றாவது வரியில், "குறைதீர்ப்பு அலுவலர் மிகவும் கனிவானவர், அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு" என்று சேர்த்துவிட்டால் நல்லது. மாமன் மச்சான் உறவைக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் ஆசி, பெரியவர்களுக்கு என் வணக்கம், உங்களுக்கு என் அன்பும் ஒரு தபால்தலையும் இத்துடன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
குறைதீர்ப்பு அலுவலர் (பொறுப்பு)

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் ஒரு நாள் ஓடிவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். இன்று காலை பதினோரு மணிக்கு உங்கள் தங்கை அலுவலகத்துக்கு வந்தாள். சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் மனுதாரர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். "சார், ஒரு புகார் குடுக்கணும்" என்றாள். சார்! டீ சொல்லட்டுமா என்றேன். "டீ வேணாம், நம்பர் குடுங்க" என்றாள். வடிகாலுக்காக எங்கள் வாசலைத் தோண்டிப் பதினோரு நாளாகிறதாம், தாண்டிப் போகப் பலகை போடவில்லையாம், முழங்கால் சிகிச்சைக்கு அத்தை, அதான் உங்கள் அம்மா, போக வேண்டிய நான்கு நாளும் தவறிவிட்டதாம், அறைக்குள் நடக்கவே சுவரைப் பிடிக்கிறாராம். நான் தினமும் ஒரே தாவாகத் தாண்டி அலுவலகம் வருகிறவன். "வீட்ல சொல்லக் கூடாதாடி?" என்றேன். "மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் வங்கி எப்படி ஆரம்பிச்சதுன்னு சொன்னீங்க" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது மச்சான். இரண்டு ஆட்களோடு ஓடிப்போய், கைப்பிடி வைத்த பலகை போட்டு, அத்தையை நானே கைபிடித்து அழைத்து வந்தேன். பலகையின் நடுவில் நின்று, "பக்கத்து வீட்டு வாசலுக்கெல்லாம் எப்ப மாப்ளே?" என்று கேட்டார். படிப்படியாகப் பார்க்கலாம் என்றேன். உங்கள் தங்கை படிவத்தில் "திருப்தி இல்லை" என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு, வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள். சாயங்காலத்துக்குள் நாற்பத்தோரு புகார். வரிசையில் முதல் ஆள் தையல்காரர், மனசார இருமுகிறார். ஆலோசகர் அம்மாவைப் பற்றி இனி எனக்குக் கவலை இல்லை. நாளை காலைக்குள் எல்லா வாசலுக்கும் பலகை போட ஆள் பிடித்தாகிவிட்டது. நீங்கள் புகார் அனுப்ப வேண்டாம். படிவம் தீர்ந்து, அத்தை தன் புகாரை மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது சாலையைப் பற்றியது அல்ல, உங்களைப் பற்றியது. மகன் ஏழு மாதமாக வந்து பார்க்கவில்லையாம். பதிவு எண் நாற்பத்திரண்டு. பதினைந்து நாளைக்குள் தீர்க்க வேண்டும், நேரில் வரவும்.