மாப்பிள்ளை கையால் எழுதிய டைப்

எங்கள் பக்கம் மாப்பிள்ளையிடம் குறை சொல்லக் கூடாது. அவர் ரசத்தில் சர்க்கரை போட்டுக் குடித்தால்கூட, "நல்லா இருக்குங்களா மாப்பிள்ளை?" என்றுதான் கேட்க வேண்டும். இந்தப் பாழாய்ப்போன மரியாதையைக் கண்டுபிடித்தவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

உடுமலைப்பேட்டையில் எனக்குக் கொப்பரை வியாபாரம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. புது ஆள் வந்தால் தராசுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிற கூச்சம் வேறு. மகள் கவிதாவும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு ஆப் செய்தார்கள். ஒவ்வொரு லோடு கொப்பரைக்கும் பிளாக்செயினில் ஒரு கணக்கு. லோடு யாருடையது, எடை எவ்வளவு என்று அதில் இருக்கும். பிளாக்செயின் புரோகிராம் மகளுடையது. அதைத் திரையில் காட்ட டைப்ஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது மாப்பிள்ளை.

"ஈரப்பதம் தெரியாம எவன் கண்ணு கொப்பரை வாங்குவான்?" என்று வாயை விட்டது நான்தான். மகள் கணக்கு வரிசையில் எடைக்கு முன்னால் ஈரத்தைச் சேர்த்தாள்.

மில்காரர் ஒருவருக்குக் காட்டுவதற்காக இருவரும் என் குடோனுக்கு வந்தார்கள். முந்தின நாள் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, கணக்குல எது எந்த வரிசையில இருக்குதுன்னு மெஷினே டைப்புன்னு ஒரு பட்டியல் எழுதிக் குடுத்துருதுங்க. அதோட பேரைச் சொல்லி எடுத்துக்கிட்டாப் போதும், நான் மாத்துனா அங்கயும் மாறிக்கும். இவரு ஈரம் சேக்கறதுக்கு முந்தின வரிசையப் பாத்து அந்த டைப்பைக் கையில எழுதி வெச்சிருக்காரு. நான் சொன்னா மூஞ்சியத் தூக்கிக்கறாரு. நீங்க சொல்லுங்க."

சொல்லப் போனேன். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "காப்பி சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். (என்னை எதால் அடிப்பது?)

மறுநாள் கருமத்தம்பட்டியிலிருந்து அந்த எண்ணெய் மில்காரர் வந்தார். அவர் சரி என்றால் மகளுக்கு முதல் வாடிக்கை. வாசலில் நின்ற என் லாரி லோடை மாப்பிள்ளை ஜம்பமாகத் திரையில் திறந்தார். எடை: ஆறு கிலோ. பழைய டைப், ஆறு சதவீத ஈரத்தை எடை என்று படித்துவிட்டது.

மில்காரர் லாரியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "ஏனுங்க, ஆறு கிலோவுக்கு லாரி எதுக்குங்க? மஞ்சப்பை போதுமே."

"கவிதா புரோகிராம்ல ஏதோ தப்புங்க," என்றார் மாப்பிள்ளை, கூசாமல்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. கோபம் வந்தது, பாழும் மரியாதைதான் போகவில்லை.

"மடையனுங்களா மாப்பிள்ளை நீங்க? மெஷின் எழுதிக் குடுத்ததை உட்டுப்போட்டு எதுக்குங்க கையில எழுதறீங்க? மண்டையில இருக்கறது என்னங்க, தேங்கா மட்டைங்களா? நேத்தே இதைச் சொல்ல வந்தனுங்க, காப்பி கேட்டுப்போட்டுப் போயிட்டனுங்க."

மில்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்ததும் சிரிப்பைக் காணோம்.

"எடை தப்பாக் காட்டும்னு நேத்தே தெரியுமுங்களா உங்களுக்கு? தெரிஞ்சும் வாயத் தொறக்காதவர்கிட்ட நான் எப்படிங்க சரக்கு எடுக்கறது?"

போய்விட்டார். இன்றுவரை வேறு ஆளிடம்தான் வாங்குகிறார். கவிதா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

மாப்பிள்ளைக்கு மட்டும் ரோஷமே இல்லை. இப்போது மெஷின் எழுதிய டைப்பைத்தான் எடுக்கிறாராம். ஞாயிறு தவறாமல் போன் செய்து, "மாமா, தேங்கா மட்டை பேசறனுங்க," என்கிறார். பின்னால் என் மகள் சிரிப்பது கேட்கிறது. இங்கே என் மனைவியும் சிரிக்கிறாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லுங்க மாப்பிள்ளை," என்கிறேன்.